எங்கள் முற்றத்தில் மூன்று பலகைகள்

இவருக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. கலியாணம் பேசியபோது பெரியவர்கள் இதைத்தான் பெரிய குணமாக எடுத்துச் சொன்னார்கள். தங்கமான பிள்ளை, ஒருத்தருக்கும் முகத்தை முறித்துப் பேசத் தெரியாது என்றார்கள். நானும் கேட்டுப் பூரித்துப்போனேன். அந்தத் தங்கக் குணம் கடல் கடந்து வந்து, சிட்னியின் மேற்குப் பக்கத்தில் செவன் ஹில்ஸ் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூட வாசலில், பட்டப்பகலில் என் மானத்தை வாங்கும் என்று அன்றைக்கு யார் கண்டது?

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு இரண்டு வருஷம்கூட நிரம்பவில்லை. ஊரில் என்ஜினியராக இருந்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் படம் வரையும் மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் கைக்குழந்தையோடு வீட்டில். தமிழ்ப் பேச்சுக் கேட்க வேண்டுமென்றால் ரயிலேறிப் பரமட்டாவுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, இன்னொரு குடும்பத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். இன்றைக்கு பிளாக்டவுன் கடைகளில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் சொன்னால் விளங்காது. கறிவேப்பிலையைக் கண்ணால் காணாமலே சமைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி பக்கத்து வீட்டுக்காரிதான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். வெள்ளைக்காரி என்றால் வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். இவளோ நாங்கள் குடிவந்த கிழமையே, இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள வேலியில் பலகை கழன்ற இடத்தால் கையில் கேக்கோடு நுழைந்து வந்தவள். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, பிள்ளையைக் குளிக்க வார்க்கக்கூட எனக்குப் பயம். வழுக்கி விழுந்துவிடுமோ என்று தொட்டிக்குப் பக்கத்திலேயே போகமாட்டேன். அவள்தான் முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்து, பிள்ளையைத் தன் முன்கையில் சரித்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வார்த்துவிடுவாள். என் பிள்ளை வாய் திறந்து முதன்முதலில் சிரித்தது அவளைப் பார்த்துத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, அதை மறைப்பானேன்.

எங்கள் தெருவிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக நடைபாதை கிடையாது. தார் றோட்டுக்கு இரண்டு பக்கமும் களிமண். மழை பெய்தால் பிள்ளை வண்டியின் சில்லுப் புதைந்துவிடும். றோட்டில் இறங்கித் தள்ளினால் தொழிற்சாலை லொறிகள் உரசிக்கொண்டு போகும். ஒருநாள் ஒரு லொறி அடித்துவிட்டுப்போன சேற்றில் நானும் பிள்ளையும் முழுகி, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தோம். பிள்ளையும் அழுதாள், நானும் அழுதேன். அவள் தன் வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். பிள்ளையை வாங்கி, கண்ணிமையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்தாள்.

“போதும். இதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்,” என்றாள்.

கொஞ்ச நாளில் எங்கள் வட்டாரத்தின் கவுன்சில் உறுப்பினர் ஒருவர் பதவியை விட்டுப் போக, அந்த ஓர் இடத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. அவள் எந்தக் கட்சியும் இல்லாமல் தனியாக நின்றாள். கேட்டதெல்லாம் நடைபாதைதான். அதாவது, அவள் தேர்தலுக்கு இறங்கியதே எங்கள் மேல் பட்ட அந்தச் சேற்றால்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைக் கேட்க வேண்டும்.

எங்கள் குசினிக்குள் வந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு என்னிடம் இரண்டு உதவி கேட்டாள். தன் பெயர் எழுதிய பலகையை எங்கள் முன்முற்றத்தில் நட வேண்டும். தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் நின்று, தனக்கு எப்படி வாக்களிப்பது என்று காட்டும் அட்டைகளை நான் வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் பிரிட்டிஷ் பிரஜை என்ற கணக்கில் வாக்களிக்கலாம். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு வாக்கு இருந்தது. இவர் நான் வாய் திறக்க முன்னமே, “ஒஃப் கோர்ஸ், ஒஃப் கோர்ஸ்!” என்று எழும்பிவிட்டார். சுத்தியலைத் தேடி எடுத்து, பலகையைத் தானே முற்றத்தின் நடுவில் அடித்து இறுக்கினார். அவள் றோட்டில் இறங்கி நின்று அதைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அவள் முகம் சிவந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை கட்சிக்காரர் வந்தார். பெரிய கட்சி ஒன்றின் ஆள். முன்பு இறைச்சிக்கடை வைத்திருந்தவராம். அகலமான கை, நல்ல சிரிப்பு. குறை சொல்ல முடியாத மனிதர். இவர் அவரை உள்ளே கூப்பிட்டு, நல்ல கதிரையில் இருத்தி, என்னைப் பார்த்துத் தேத்தண்ணி என்று கண்ணால் காட்டினார். வீடு தேடி வந்த மனிதருக்குத் தேநீர் கொடுப்பதில் பிழையில்லை. நானும் பற்றிஸ் பொரித்துக் கொடுத்தேன். மனிதர் ரசித்துத் தின்றார். எழும்பும்போது, உங்கள் ஆதரவு எனக்கு உண்டுதானே என்று கேட்டார். “ஒஃப் கோர்ஸ்!” என்றார் இவர். முன்னால் ஒரு பலகை வைக்கலாமா என்று கேட்டார். அதற்கும் “ஒஃப் கோர்ஸ்!”

நான் பற்றிஸ் தட்டோடு அப்படியே நின்றேன். முற்றத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. கட்சிக்காரர் போன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“என்னப்பா செய்துபோட்டு வாறீங்கள்? பக்கத்து வீட்டு மனுசிக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள் எல்லே?”

“ஓம், அவவுக்கும் ஓம்தானே.”

“அப்ப இந்த மனுசனுக்கு?”

“வீடு தேடி வந்து கேக்கிற மனுசனுக்கு மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீர் சொல்லுவீரோ?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். “எங்கட ஊரில நாலு பேர் வந்து கேப்பினம். நாலு பேருக்கும் ஓம் எண்டுதானே சொல்லி அனுப்புறனாங்கள். பிறகு சாவடிக்குள்ள போய் விருப்பமான ஆளுக்குப் போடுறது. கேக்க வாறவைக்கும் அது தெரியும்.”

தெரியும்தான். அதில் பொய் இல்லை. எங்கள் அப்பாவும் அப்படித்தான். வீட்டு மதிலில் யார் வந்து என்ன ஒட்டினாலும், தேர்தல் முடிய மழை கழுவட்டும் என்று விட்டுவிடுவார். ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’, போய் வருகிறேன் என்று சொல்வது மாதிரி ஒரு மரியாதைச் சொல். அதை யாரும் கையில் பிடித்துக்கொண்டு போய் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த நாட்டில் ஒருவன் தன் முற்றத்தில் பலகை நட்டால், அது அவன் ஊர் முழுக்கக் கேட்கச் சொன்ன வாக்கு. எனக்கே அது அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. இவருக்குச் சொல்லி விளங்கப்படுத்த என் வாய் போதவில்லை.

மூன்றாவது ஆள், காணியும் வீடும் விற்கும் தரகர், காரை விட்டு இறங்கவே தேவையில்லாமல் போய்விட்டது. இவர் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கார்க் கண்ணாடியை இறக்கிக் கேட்டாராம். இவர் தலையை ஆட்டினாராம். முடிந்தது கதை. மூன்று பலகையும் ஒன்றுக்கொன்று தோளுரசிக்கொண்டு எங்கள் முற்றத்தில் நின்றன. தெருவால் போகிறவர்கள் நடையை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு காரிலிருந்த இளவட்டங்கள் ஹோர்ன் அடித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளே இருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, நான் மற்ற இரண்டு பலகையையும் பிடுங்கிக் கராஜுக்குள் போட்டேன். பின்னேரம் வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பவும் நட்டார்.

“வைக்கச் சொல்லிப்போட்டுப் பிடுங்கி எறிஞ்சால் அந்த மனுசர் என்ன நினைப்பினம்? ஒரு மரியாதை வேண்டாமே?”

“பக்கத்து வீட்டு மனுசி என்ன நினைப்பா?”

“அவவின்ரதும் நிக்குதுதானே. அதைத்தானே நடுவில வச்சிருக்கிறன்,” என்றார்.

நடுவில் வைத்திருக்கிறாராம். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் முதலில் அதைப் பகிடியாகத்தான் எடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உங்கள் வீட்டில்தான் ஜனநாயகம் நன்றாக வளர்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே அசிங்கமாக இருந்தது. அன்றைக்கே என் மனிதருக்கு மறுக்கத் தெரியாது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டின புருஷனை மந்தபுத்தி மாதிரிக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் அதைச் சொல்லத் தொடங்கினால் எப்படிச் சொன்னாலும் அப்படித்தான் வந்து நின்றது.

தேர்தலுக்கு முந்திய கிழமை, கட்சிக்காரர் எங்கள் கேற்றடியில் நின்று இவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். இவருடைய “ஒஃப் கோர்ஸ்” அடுத்த வீடு மட்டும் கேட்டது. அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். மனிதர் போனதும் வேலிக்கு வந்து, இவரை நேரே பார்த்துக் கேட்டாள்.

“ஆனால் எனக்குத்தானே வாக்களிக்கப்போகிறீர்கள்?”

“ஒஃப் கோர்ஸ்!” என்றார் இவர். அதே சிரிப்பு, அதே குரல்.

அவள் காயப்போடாத மீதி உடுப்பை வாளிக்குள் போட்டாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தேர்தலன்று நான் ஒரு முடிவோடு எழும்பினேன். நல்ல பச்சைச் சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். பிள்ளையை இவர் பார்த்துக்கொள்வதாகவும், பின்னேரம் நான் வந்த பிறகு இவர் போய் வாக்களிப்பதாகவும் பேச்சு. அவளுடைய அட்டைகளை வாங்கி, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நீட்டினேன். சிலர் வாங்கினார்கள். சிலர் என் சேலையைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தால் போனார்கள். அதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. பள்ளிக்கூடத் தாய்மார் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் எனக்கு ஒரு துண்டு வாங்கி வந்து தந்து, என் தோளைத் தட்டி, இங்குள்ள பெண்கள் பிரியமாகக் கூப்பிடும் விதத்தில், “நன்றி, லவ்,” என்றாள். மூன்று பலகையையும் அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது கட்சிக்காரரின் பெரிய வெள்ளைக் கார் வந்து வாசலுக்கு நேரே நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு இவர் இறங்கினார். கோட்டுப் போட்டுத் தலை வாரி, கலியாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி. முன்கதவால் கட்சிக்காரர் இறங்கினார். அவர் கையில் என் பிள்ளை.

பிள்ளையின் நெஞ்சில், கட்சியின் நிறத்தில் ஒரு ரிப்பன் பூ குத்தியிருந்தது. அந்தப் பூவைக் குத்தியிருந்த வெள்ளைக் கம்பளிச் சட்டை, பக்கத்து வீட்டுக்காரி தன் கையால் பின்னிக் கொடுத்தது.

கட்சிக்காரர் பிள்ளையை உயர்த்திப் பிடித்துச் சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். என் கையில் அவளுடைய அட்டைக் கட்டு. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். அவ்வளவு வெட்கம் என் ஆயுளில் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா? கூட்டத்துக்குள் தெரிந்த முகத்தைத் தேடியது. நான் பக்கத்தில் நிற்க, என்னைத் தாண்டி அவளிடம் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? எதிராளியின் பூ அவள் நெஞ்சில் நசுங்க, பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் அந்தப் பூவைக் கழற்றவில்லை. குனிந்து ஒரு தடவை பார்த்தாள். பிள்ளையின் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, மெதுவாக என் கையில் தந்தாள். பிறகு வரிசையில் வந்த வேறு யாருக்கோ அட்டை கொடுக்கப் போய்விட்டாள்.

நான் இவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “அவற்ற காரில ஏன் ஏறினனீங்கள்?”

“வீட்டு வாசல்ல காரைக் கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டு, வாங்கோ எண்டு கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் என்ன செய்யிறது?” என்றார் பரிதாபமாக. உள்ளே போய் வாக்களித்துவிட்டு வந்து, மூன்று பக்கத்து ஆட்களுக்கும் கை கொடுத்து நன்றி சொன்னார். அவளுக்கும்தான்.

கட்சிக்காரர் வென்றார். வித்தியாசம் பெரிதில்லை என்று சொன்னார்கள். அது இன்னும் கொடுமையாக இருந்தது. படுதோல்வி என்றால் எங்கள் வீட்டு இரண்டு வாக்கை யாரும் நினைக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து, சமையலும் இல்லாமல் சண்டை பிடித்தேன். கடைசியில் இவர் கோபப்பட்டு, எனக்குத் தெரிந்து முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

“நான் அவவுக்குத்தான் போட்டனான்! என்ர பிள்ளையைக் குளிப்பாட்டின மனுசி. வேற ஆருக்குப் போடுவன் எண்டு நினைச்சனீர்?”

அது பொய்யில்லை. இவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

“அப்ப போய் அவவிட்டச் சொல்லுங்கோ.”

“போட்டதைப் போய்ச் சொல்லுறதோ? நான் உமக்குப் போட்டனான் எண்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ? அது மரியாதையில்லையப்பா,” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. இவருடைய மரியாதைக்கு வேறு கதவே கிடையாது.

மறுநாள் காலை அவள் தன் பலகையை எடுக்க வந்தாள். இவர் ஓடிப்போய்ப் பிடுங்கிக் கொடுத்தார். மண்ணைத் தட்டித் துடைத்தும் கொடுத்தார். நான் கேற்றடி வரைக்கும் பின்னால் போனேன். இவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று நினைத்தேன்.

“நாங்கள் இரண்டு பேரும் உங்களுக்குத்தான் போட்டோம். உண்மையாக,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் காலைப் பிடித்தாவது அழுதிருப்பேன்.

“ஒஃப் கோர்ஸ், லவ்,” என்றாள். சிரித்தாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

சொன்னது உண்மை. இரண்டு வாக்கும் அவளுக்குத்தான் போனது. ஆனால் அந்த உண்மைக்கு எங்கள் வாயிலிருந்து வரும்போது ஒரு பெறுமதியும் இல்லாமல் போயிருந்தது.

பிறகு அவள் எங்களோடு பேசாமல் இருக்கவில்லை. வேலியடியில் கண்டால் பிள்ளை எப்படி என்று கேட்பாள், வெயிலைப் பற்றிச் சொல்வாள். வேலியின் கழன்ற பலகையை மட்டும் அவள் புருஷன் ஒருநாள் வந்து நன்றாக ஆணி அடித்து இறுக்கிவிட்டுப் போனான். நாய் வந்துவிடும் என்றான். அவர்கள் வீட்டில் நாய் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. நடைபாதை அடுத்த வருஷம் வந்தது. ஸ்டேஷனிலிருந்து கொங்கிரீட் போட்டுக்கொண்டு வந்தவர்கள், எங்கள் தெருத் திருப்பத்தோடு நிறுத்திவிட்டுப் போனார்கள். பிள்ளை வண்டிக்கு அப்போது எங்கள் வீட்டில் வேலையும் இருக்கவில்லை.

அதற்கு முன், தேர்தல் முடிந்து சில மாதத்தில், மகளின் முதலாவது பிறந்தநாள் வந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இந்த முறை முன்வாசலால் போய் மணி அடித்தேன். குடும்பத்தோடு கட்டாயம் வர வேண்டும், நீங்கள் இல்லாமல் இவளுக்கு என்ன பிறந்தநாள் என்றேன்.

“ஓ, லவ்லி! ஒஃப் கோர்ஸ், கட்டாயம் வருவோம்,” என்றாள். பிள்ளையின் கன்னத்தையும் கிள்ளினாள்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அவர்களுக்கென்று மிளகாய் போடாமல் தனியாகப் பற்றிஸ் செய்தேன். நல்ல கதிரைகளைத் துடைத்து அவர்களுக்கென்று யன்னலோரம் போட்டேன். பரமட்டாப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகள் அவற்றில் ஏறி இருந்தபோது எழுப்பிவிட்டேன். கேக் வெட்டும் நேரமாகி, அதுவும் கடந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றேன். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

குப்பை போடுகிற சாட்டில் பின்பக்கம் போனேன். அவள் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டாள். ஒளியவில்லை, திடுக்கிடவும் இல்லை. அழகாகச் சிரித்து, கையை உயர்த்தி ஆட்டினாள். வருவோம் என்று சொன்னது அவளுக்கு மறக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. நானும் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

உள்ளே வந்தபோது இவர் யன்னலோரம் நின்று, வெறுங் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“கட்டாயம் வாறம் எண்டு வாயால சொல்லிப்போட்டு வராமல் விட்டினமே,” என்றார் இவர். “என்ன மாதிரிச் சனங்களப்பா இதுகள்?”

நான் பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேக்கை வெட்டினேன்.